ஐந்தாவது ஆட்டக்காரனின் அக்கா

திங்கட்கிழமை காலை ஷிப்டில் ஜெகதீஸ்வரியோடு வேலை பார்க்கிற பெண்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. சூப்பர்வைசர் வருகிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் இவள் கழிப்பறைப் பக்கம் போய், ஒளித்துக் கொண்டுவந்த போனைத் திறந்து, உலக டென்னிஸ் தரவரிசையில் இந்தியப் பெயர்களை மட்டும் பொறுக்கிப் பார்த்துவிட்டு வருவாள். வாராவாரம் திங்கட்கிழமைதான் அந்தப் பட்டியல் மாறும். திரும்பி வரும்போதே அவள் முகத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள், தம்பி ஏறினானா இறங்கினானா என்று.

அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில். அறுந்த நூலை ஓட்டத்திலேயே பிடித்து ஒட்டுகிற வேலை அவளுக்கு. எட்டு மணி நேரமும் நடைதான், காதைப் பிளக்கிற இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளேயே இந்திய டென்னிஸின் முன்னணி ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்தப் பெண்கள் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். முதலாமவன் இடதுகை. இரண்டாமவன் தாடிக்காரன். மூன்றாமவன் டாக்டர் வீட்டுப் பிள்ளை. நான்காமவனுக்குப் புதுமாப்பிள்ளை என்று பெயர். கல்யாணம் ஆனதிலிருந்து வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தான். "பொண்டாட்டிய விட்டுட்டு வெளையாடப் போனாத்தான ஜெயிப்பான்" என்று அவனை வாயாரத் திட்டுவார்கள். அவன் இறங்கினால்தானே நம்ம பயல் ஏறலாம்? இருந்தும் திட்டுவார்கள். ஐந்தாவதாக மாரீஸ்வரன். அவனுக்குப் பின்னால் பதினெட்டு வயதில் இரண்டு பொடியன்கள் முளைத்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை மட்டும் ஜெகதீஸ்வரிக்குப் பிடிக்காது.

ஆவாரங்குண்டு என்கிற கரிசல் காட்டு ஊரிலிருந்து ஒருவன் டென்னிஸுக்கு எப்படிப் போனான் என்று கேட்பீர்கள். அப்பா சோலை அதே மில்லில் ஆபீசர் கிளப்பின் செம்மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து உருளை இழுத்தவர். ஆடுவதற்கு ஆள் குறைகிற அன்றைக்கு எதிர்ப்பக்கம் நிற்கச் சொல்லி அவர் மகனைக் கூப்பிட்டார்கள். மூன்று வருடத்தில் ஆபீசர் ஒருவராலும் அவனிடம் ஒரு செட் எடுக்க முடியவில்லை. பதின்மூன்று வயதில் சென்னையில் ஒரு அகாடமி விடுதியோடு சேர்த்துக்கொண்டது. அம்மா முன்பே கண்ணை மூடியிருந்தாள். பிறகு சோலையும் போனார். அவனுக்கு இருந்த ஒரே நாதி ஒன்பது வயது மூத்த அக்காதான்.

டென்னிஸ் என்றதும் டிவியில் காட்டுகிற வெள்ளிக் கோப்பையும் கோடிகளும்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. முந்நூறாவது இடத்துக்காரன் படுகிற பாட்டை எந்த டிவிக்காரன் காட்டினான்? துனீசியாவில் ஒரு வாரம், கஜகஸ்தானில் ஒரு வாரம். மூன்று பேர் ஓர் அறையில் படுத்து, சட்டையைக் குளியலறையில் அலசிக் காயப்போட்டு, தோற்ற அன்றைக்கே அடுத்த ஊருக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. இருபத்து நான்கு வயதுக்குள் அவன் முதுகில் மூன்று இடத்தில் ஊசி போட்டாயிற்று. அப்படி முட்டி மோதி அந்த ஆடி மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டாவது இடத்துக்கு வந்து, இந்தியாவில் ஐந்தாவது ஆளாக நின்றான். செப்டம்பரில், நாட்டுக்கு நாடு மோதுகிற டேவிஸ் கோப்பை ஆட்டம். அணிக்கு ஐந்து பேர். முதுகில் 'இந்தியா' என்று எழுதிய சட்டை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஜெகதீஸ்வரி தன் வாழ்க்கையில் வேறெதையும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

இடம் ஏற ஏற ஒரு தொல்லையும் கூடவே வந்தது. முன்னணியில் இருக்கிற ஆட்டக்காரர்கள் ஊக்கமருந்து சாப்பிடுகிறார்களா என்று சோதிக்க, சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வருவார்கள். அதற்காக ஆட்டக்காரன் தினமும் ஒரு மணி நேரத்தைக் குறித்து, அந்த நேரத்தில் இன்ன வீட்டில் இருப்பேன் என்று போனில் பதிவு செய்ய வேண்டும். வந்தவர்கள் கையில் அவன் அகப்படாவிட்டால் ஒரு தவறு. பன்னிரண்டு மாதத்தில் மூன்று தவறு சேர்ந்தால் தடை. மருந்தே சாப்பிடாதவனுக்கும் அதுதான் சட்டம். மாரீஸ்வரன் ஏற்கெனவே இரண்டு முறை தவறவிட்டிருந்தான். ஒரு முறை, தோற்ற எரிச்சலில் விடுதி மாறியதைப் பதிவு செய்ய மறந்தான். இன்னொரு முறை பூனாவிலிருந்து வந்த ரயில் ஆறு மணி நேரம் தாமதம்.

இது எதையும் அவன் அக்காவிடம் சொல்லவில்லை. கவலைப்படுவாள் என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் வெட்கம். சோதிக்க வருகிறவர் கூடவே வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சட்டையை நெஞ்சுக்கு மேல் சுருட்டச் சொல்லி, கண்ணெதிரே மூத்திரம் பிடித்துக் கொடுக்கச் சொல்வார். அக்காவின் முன்னால் துண்டு போர்த்தாமல் நடந்திராத பயல் இந்தக் கண்றாவியை எந்த வாயால் சொல்வான்? அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிட்டான்.

அக்காவும் அவனிடம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. ஏழு வருடத்துக்கு முன்னால், இதே ஆடிப் பொங்கல் சமயத்தில், ரேடியோ செட் ஸ்பீக்கர் கட்டுவதில் தெருவுக்குத் தெரு கைகலப்பானது. இரண்டாம் நாள் விடியற்காலையில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஒட்ட வெட்டிய முடி, பழுப்பு நிற ஷூ, சாதாரணச் சட்டை. "வீரணன் மகன் விஜயபாண்டி வீடு இதானம்மா? ஒரு கையெழுத்துப் போடணும்" என்றார் வந்தவர். புருஷன் சண்டை நடந்த அன்றைக்குக் காரியாபட்டி சந்தையில் இருந்தவன். மடியில் கனம் இல்லாதவளாக இவளும் "உள்ளதான் தூங்குறாக சார், எழுப்பி விடுறேன்" என்றாள். எழுப்பியும் விட்டாள். ஒன்பது நாள் கழித்து ஜாமீனில் வந்தவனுக்கு வலது காது அடியோடு கேட்கவில்லை. மறு வருடம் மல்லாங்கிணறு ரோட்டில் சைக்கிளில் போகும்போது பின்னால் லாரிக்காரன் எத்தனையோ ஹாரன் அடித்தானாம்.

சவத்தை எடுக்கும்போது மாமியார் ஜக்கம்மாள் ஊர் கேட்கச் சொன்னாள்: "எம் மகனக் காட்டிக் குடுத்தவடி நீ. ஒரு வார்த்த, இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம் பிள்ள இருந்திருப்பான்." அன்றிலிருந்து அந்தப் பேச்சு ஊரில் நிலைத்துப்போயிற்று. குழாயடியில், பஸ்ஸில், சடங்கு வீட்டில் அவள் தலை மறைந்தால் போதும், காட்டிக் கொடுத்தவள் என்பார்கள். அவளுக்கும் தெரியும். அடித்தவனை விட்டுவிட்டு எழுப்பினவளைப் பிடித்துக்கொண்ட ஊர் அது. நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வருட ஆடிப் பொங்கலுக்கு மாரீஸ்வரன் முதுகு வலியோடு வந்து சேர்ந்தான். சாயங்காலம் வந்து, சாப்பிட்டு, வலி மாத்திரை போட்டுப் படுத்தான். காலை ஆறிலிருந்து ஏழு வரை வீட்டில் இருப்பேன் என்று பதிவு செய்திருந்தான். ஐந்தே முக்காலுக்கு அலாரம் வைத்தான். உள்ளறையில் பிளக் இல்லை. போனைச் சமையல்கட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போனான். அவனுக்குத் தெரியாத சங்கதி, முந்தின நாள் முளைப்பாரி ஊர்வலத்தில் மேலத்தெருப் பையன்கள் இரண்டு பேருக்கு மண்டை உடைந்திருந்தது. புகார் போயிருந்தது. ஊரே போலீஸ் காரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தபோது ஜெகதீஸ்வரி அடுப்பு முன்னால் இருந்தாள். அலுத்துப்போய் வந்திருக்கிற பிள்ளை, இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று அதை அமர்த்தி, போனை மடியில் செருகிக்கொண்டாள்.

சரியாக ஆறு மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவருக்கு ஒட்ட வெட்டிய முடி. காலில் பழுப்பு ஷூ.

"சோலை மகன் மாரீஸ்வரன் வீடு இதானம்மா?"

அவள் வாசலை மறித்து நின்றாள். அப்பன் பேர் சொல்லிக் கேட்கிற ஆட்கள் யார் என்று அவளுக்குத் தெரியாதா? "என்ன விசயம் சார்?" என்றாள்.

"அவரைப் பாக்கணும். விசயத்தை அவர்கிட்டதான் சொல்லணும்." கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் சிங்க முத்திரை மட்டும்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"அவன் ஊருக்கு வந்தே ரெண்டு வருசம் ஆச்சு சார். வெளிநாட்டுல கெடக்கான்."

"இல்லம்மா, நேத்து வந்திருக்கணுமே. எங்களுக்குத் தகவல் இருக்கு."

"எவன் சொன்னது? பொங்கலுக்கு வாடான்னு போன்ல அழுது பாத்துட்டேன், வரமாட்டேன்னுட்டான். நீங்க வேற சார், வயித்தெரிச்சலக் கௌப்பிக்கிட்டு." சொல்லிக்கொண்டே கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. ஏழு வருடமாக மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்த வார்த்தையல்லவா!

வந்தவர்கள் போகவில்லை. காருக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். டீக்கடைச் சந்தனத்திடம் கேட்டார்கள். "அந்தப் பய துபாய்ல இருக்கான்" என்றான். குடத்தோடு போன ராஜேஸ்வரியைக் கேட்டார்கள். அவள் சிங்கப்பூர் என்றாள். நாடு மாறினாலும் ஊர் ஒற்றுமையாக நின்றது. ஆறரைக்கு மறுபடி வந்து கேட்டார்கள், மறுபடி அதே பதில். ஜக்கம்மாள் தன் வீட்டிலிருந்து எழுந்து வந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவள் கையைப் பிடித்தாள். "இப்பயாச்சும் புத்தி வந்துச்சேடி" என்று மெதுவாகச் சொன்னாள். ஜெகதீஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் மடியில் இருந்த தம்பியின் போன் அடித்தது. பெயரில்லாத நம்பர். ஆள் உள்ளே இருக்கிறானா என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. போனை அப்படியே அணைத்துவிட்டாள். ஏழு மணிக்கு அந்த ஆள் இறங்கி, எதையோ எழுதி, பூட்டிய கதவைப் போட்டோ எடுத்தார். கார் கிளம்பிப் போனது. தெருவே சிரித்தது.

ஏழரைக்கு அவன் உள்ளிருந்து கதவைத் தட்டினான். திறந்தாள்.

"எக்கா, போனு எங்க? அலாரம் அடிக்கலயே."

"அடிச்சுது. நாந்தான் அமத்துனேன். மூஞ்சியக் கழுவு, காப்பி தாரேன்."

"யாராச்சும் என்னயத் தேடி வந்தாகளா?"

"வந்தாக." அவள் முகம் பூரித்திருந்தது. "ஆறு மணிக்கே வந்து ஏழு வரைக்கும் கெடந்தாக. ஊரே சேந்து நின்னு வெரட்டி விட்டுட்டோம்ல."

அவன் கத்தவில்லை. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தான். முதுகு வலி என்று நினைத்து அவள் தைலத்தை எடுக்கப் போனாள். அவன் வேண்டாம் என்று சொல்லி, தரையைப் பார்த்துக்கொண்டே, வந்தவர்கள் யார், எதற்கு வந்தார்கள், இது எத்தனையாவது தடவை என்று சொன்னான். மூத்திரம் என்ற வார்த்தையை அப்போதும் சொல்லவில்லை, சோதனை என்றுதான் சொன்னான். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தைலப் புட்டியோடு தெருவில் இறங்கி, கார் போன திசையில் பந்தல்குடி ரோடு பிரிகிற விலக்கு வரைக்கும் ஓடினாள். ரோட்டில் ஓர் ஆட்டுக்குட்டிகூட இல்லை.

கடிதம் வந்தது. விளக்கம் எழுதினார்கள். பதில் கடிதம் வந்தது. ஆகஸ்டு கடைசியில் டேவிஸ் கோப்பைக்கு ஐந்து பேரை அறிவித்தபோது ஐந்தாவது பெயர் அந்தப் பதினெட்டு வயதுப் பொடியன்களில் ஒருவனுடையது. மில்லில் அன்றைக்கு யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

மதுரையில் ரேணுகாதேவி என்று ஒரு வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். "மூணாவது தவறு உங்க கவனக்குறைவால நடக்கலைன்னு காட்டணும். இந்த மாதிரி ஆள் வருவாங்க, வந்தா எழுப்புங்கன்னு நீங்க வீட்டுல முன்னாடியே சொல்லியிருந்து, அதையும் மீறி அவங்க தப்புப் பண்ணியிருந்தா, இந்தத் தவறு நிக்காது. சொல்லாம விட்டிருந்தா, அது உங்க தப்பு." அவளிடம் திரும்பினார். "அவர் உங்ககிட்ட சொல்லியிருந்தாரா? அவசரப்படாம யோசிச்சு சொல்லுங்கம்மா."

"சொன்னான்" என்றாள் ஜெகதீஸ்வரி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வந்த அன்னிக்கே சொன்னான். நாந்தான் போலீசுன்னு பயந்து மறந்துட்டேன்."

மாரீஸ்வரன் வாய் திறக்கவில்லை. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அடுத்த இரண்டு மாதமும் மில் இரைச்சலுக்குள் அந்த வாக்குமூலத்தையே வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். தப்பு முழுக்க என்னோடது சார். அவன் சொன்னான் சார். நாந்தான் சார். பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள ஒரு வழி கிடைத்ததில் அவளுக்குத் தூக்கம்கூட வந்தது.

நவம்பரில் விசாரணை. வக்கீல் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். திரையில் மூன்று பேர், நாலாவதாக மொழிபெயர்க்க ஓர் அம்மா. ஜெகதீஸ்வரி நடுங்காமல் சொன்னாள். புருஷனுக்கு நடந்ததையும் சொன்னாள்; அதை வெளியாட்கள் முன்னால் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. நடுவில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரேணுகாதேவி மேசைக்குக் கீழே அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

பிறகு பெரியவர் மாரீஸ்வரனைக் கேட்டார். உங்கள் அக்கா சொல்வது உண்மைதானா? முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருந்தீர்களா?

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

"இல்லை சார்" என்றான் அவன். "நான் சொல்லவே இல்லை. கூச்சமா இருந்துச்சு, சொல்லலை. அக்காவுக்கு எதுவும் தெரியாது. என்னைக் காப்பாத்த அப்படிச் சொல்றாங்க."

மொழிபெயர்க்கிற அம்மா அதை இங்கிலீஷில் சொன்னார். வெளியே வந்ததும் ரேணுகாதேவி சுவரில் சாய்ந்து நின்று, "ஜெயிச்ச கேஸ் தம்பி" என்றார். அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஜெகதீஸ்வரி அவன் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். மூன்று வாரம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுவாள்.

தீர்ப்பு போனில் வந்தது. பதினெட்டு மாதம் தடை. ஆடக்கூடாது, அகாடமிப் பக்கம் பயிற்சிக்குக்கூடப் போகக்கூடாது. ஒரு வருடத்தில் அவன் புள்ளிகள் அத்தனையும் காலாவதியாகி, பட்டியலிலிருந்து பெயரே போய்விடும். ஆட்டக்காரரின் நேர்மையைக் குழு பாராட்டுகிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்களாம். அந்த வரியைத் தூக்கிக்கொண்டு அவன் எந்தக் கோர்ட்டில் போய் ஆடுவான்?

அவள் ஷிப்டு முடிந்து வந்தபோது அவன் ஆறு ராக்கெட்டையும் முன்னால் போட்டு நரம்புகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். இழுத்துக் கட்டிய நரம்போடு மாதக்கணக்கில் வைத்தால் சட்டம் கோணிப்போகும். அவள் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"ஏன்டா சொன்ன? பாவிப் பயலே, ஏன்டா சொன்ன? நாந்தான் ஏத்துக்கிட்டேன்ல. தலைய ஆட்டுறதுக்கு ஒனக்கு என்னடா கேடு? நாசமாப் போச்சேடா எல்லாம்!" அவன் தோளில் மாறி மாறி அடித்தாள்.

அவன் அடியை வாங்கிக்கொண்டான். கத்தரிக்கோலைக் கீழே வைத்தான்.

"மச்சான நீதான் காட்டிக் குடுத்தன்னு இந்த ஊரு இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியுது. என்னயக் கெடுத்ததும் நீதான்னு தீர்ப்புலயும் எழுதணுமாக்கா? எழுதுனா காலத்துக்கும் நிக்கும். ஒன்னய யாரும் அப்பிடிச் சொல்லக் கூடாதுக்கா. ஆட்டம் போனாப் போகட்டும்."

ஜெகதீஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடித்த கை அவன் தோளிலேயே இருந்தது.

"ஊரு சொல்லாட்டி என்னடா" என்றாள். "எனக்குத் தெரியுமேடா."